தாமஸ் பிளேஃபோர்டு

சர் தாமஸ் பிளேஃபோர்டு (1896–1981): தெற்கு ஆஸ்திரேலிய மாநில முதல்வர். அடிலெய்டு மலைப்பகுதியிலுள்ள நார்ட்டன் சம்மிட் ஊரின் செர்ரித் தோட்டக்காரர். இவர் தாத்தாவும் முதல்வராக இருந்தவர். முதல் உலகப் போரில் கலிப்பொலியில் போரிட்டார். 1933இல் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1938 முதல் 1965 வரை முதல்வர்.

பழமைவாதக் கட்சிக்காரரான இவர்தான் அடிலெய்டுக்கு மின்சாரம் வழங்கிய தனியார் நிறுவனத்தை 1946இல் அரசுடைமையாக்கினார். மாநிலத்தின் சொந்த லீ கிரீக் நிலக்கரியைப் பயன்படுத்த அந்நிறுவனம் தயங்கியதே காரணம். துணிச்சலான முடிவு, தொழில் வளர்ச்சிக்கு அடித்தளமிட்டது. ஆயினும் இவரது நீண்ட ஆட்சியைத் தாங்கியது நியாயமற்ற தொகுதிப் பங்கீடு: தலைநகருக்கு 13 இடங்கள், நாட்டுப்புறத்துக்கு 26. இவர் கட்சியைவிட அதிக வாக்குகள் பெற்றும் தொழிற்கட்சி ஆட்சிக்கு வர முடியாத தேர்தல்கள் உண்டு. 1968இல் சட்டமன்றத்திலிருந்து ஓய்வுபெற்றார்.