கொரியப் பட்டில் ஒரு தென்மலை

தமிழுக்கும் கொரிய மொழிக்கும் உறவு உண்டு என்று காட்டும் சொற்பட்டியல்கள் இன்று எங்கும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ‘அப்பா’, ‘அம்மா’ என்று தொடங்கும் அந்தப் பட்டியல்களை மொழியியல் மாணவர்களிடம் நீட்டி, “இதற்கு என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்பவர்கள் பலர். விடை சுருக்கமானது. குழந்தையின் வாயில் முதலில் உருவாகும் இதழொலிகளைத் தாய் தந்தையருக்குப் பெயராக்கிக்கொள்வது உலக மொழிகள் பலவற்றில் காணப்படும் இயல்பு. 1960இல் ரோமன் யாக்கப்சன் இதைத் தெளிவாக விளக்கிவிட்டார். வினை இறுதியில் வருவதும், விகுதிகள் அடுக்கடுக்காய் ஒட்டுவதும் துருக்கியிலும் சப்பானியத்திலும் உண்டு. அமைப்பு ஒத்திருப்பதால் மட்டும் பிறப்பு ஒன்றாகிவிடாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொரியாவில் வாழ்ந்த அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். ஒலி மாற்றங்களின் ஒழுங்கான நிரல் இல்லாததால் அக்கருத்து ஒப்பியல் மொழியியலில் நிலைபெறவில்லை.

ஆனால் தென்னிந்தியாவுக்கும் கொரியாவுக்கும் இடையே ஓர் உண்மையான இழை உண்டு. அது சொற்பட்டியலில் இல்லை, பட்டுத்துணியில் இருக்கிறது. மையும் கனிம வண்ணங்களும் பொன்னும் கொண்டு 13, 14ஆம் நூற்றாண்டுகளில் வரையப்பட்ட கொரிய ஓவியங்கள் பலவற்றில் ஒரு தென்னிந்திய மலை திரும்பத் திரும்ப வருகிறது. இந்தப் பதிவு அம்மலையைப் பற்றியது.

கொர்யோ அரசு (918–1392) பௌத்தத்தைப் போற்றிய அரசு. அக்காலப் பட்டு ஓவியங்களாக இன்று எஞ்சியிருப்பவை சுமார் 160 என்பது ஆய்வாளர்கள் பொதுவாகத் தரும் கணக்கு. அவற்றுள் பெயர்பெற்ற வகை ‘சுவோல் குவானும்’, அதாவது நீர்நிலா அவலோகிதன். இவ்வகையின் காட்சி அமைப்பு பெரிதும் மாறுவதில்லை. நீர்க்கரையில் ஒரு பாறை. அதன்மேல் ஒரு காலை மடித்து, மறுகாலைத் தொங்கவிட்டு அவலோகிதன் அமர்ந்திருக்கிறான். பின்னால் நிலாவைப் போல் பெரிய ஒளிவட்டம். பக்கத்தில் வில்லோ மரக்கிளை செருகிய நீர்க்கெண்டி. பாறைக்குப் பின்னே இணையாக எழும் இரண்டு மூங்கில்கள். கீழே மூலையில், கைகூப்பியபடி அண்ணாந்து பார்க்கும் ஒரு சிறுவன்.

இவ்வோவியங்களின் மென்மைக்குக் காரணம் பட்டைக் கையாண்ட முறை. நெய்த பட்டைச் சட்டத்தில் இழுத்துக்கட்டி, விலங்குப் பசையும் படிகாரமும் கலந்த நீரைப் பூசி, மை ஊறிப் பரவாதபடி பதப்படுத்துவார்கள். பிறகு உருவத்தின் எல்லைகளை மையால் கோடிடுவார்கள். சிவப்பு, பச்சை, வெள்ளை முதலிய நிறங்களின் பெரும்பகுதி பட்டின் பின்புறத்தில் பூசப்படும். நிறம் இழைகளின் இடைவெளி வழியே முன்புறம் கசிந்து தெரியும். இம்முறைக்குக் கொரிய மொழியில் ‘பேச்சே’ என்று பெயர். பின்னிருந்து ஒளிரும் இந்த அடங்கிய நிறத்தின்மேல், முன்புறத்தில் பொற்கோடுகளும் நூலினும் மெல்லிய வெள்ளைக் கோடுகளும் சேரும்போது, அவலோகிதன் தலையிலிருந்து பாதம்வரை போர்த்திய மெல்லாடை உருவாகிறது. ஆடைக்குள் உடையும், உடைக்குள் உடலும் தெரியும். பட்டின்மேல் ஒரு பட்டை வரைந்து காட்டிய கலைஞர்கள் அவர்கள்.

சப்பானின் கராட்சு நகரிலுள்ள ககாமி ஆலயத்துக்கு உரிய ஓவியம் இவற்றுள் மிகப் பெரியது. கொர்யோ அரசி ஒருவரின் ஆணையால் 1310இல் வரையப்பட்டது. இன்றைய நிலையில் ஏறத்தாழ 4.2 மீட்டர் உயரமும் 2.5 மீட்டர் அகலமும் உடையது. அதுவும் இணைப்பில்லாத ஒரே பட்டில். அவ்வளவு அகலமான பட்டை நெய்யும் தறியும் அன்று இருந்திருக்க வேண்டும். 1323இல் சியோ கு-பாங் வரைந்த ஓவியம் கியோத்தோவில் உள்ளது. ஹேஹோ என்ற துறவி தம் பெயரிட்டு வரைந்தது தோக்கியோவின் சென்சோ கோயிலில் உள்ளது.

மூலையில் நிற்கும் சிறுவன் யார்? அவன் பெயர் சுதனன். ‘அவதம்சக சூத்திரம்’ என்னும் பெரும் மகாயான நூலின் இறுதிப் பகுதியான ‘கண்டவியூக’த்தின் தலைமகன். மெய்யறிவு தேடி ஆசிரியர் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் அனுப்பப்பட்டு, ஐம்பதுக்கும் மேற்பட்டோரைச் சந்திக்கிறான். அப்பயணத்தின் பெரும்பகுதி தெற்கு நோக்கியே நடக்கிறது. வழியில் ‘திராவிட’ நாட்டு நகரமொன்றில் மேகன் என்பவனைக் காண்கிறான். சந்தையின் நடுவே அமர்ந்து எழுத்துகளைப் பற்றிய போதனை செய்பவன் அவன். எல்லா உயிர்களின் மொழியையும் அறிந்தவன் என்கிறது நூல். மொழியியல் படிப்பவர் எவரும் அந்த இடத்தில் ஒரு கணம் நின்றுவிடுவார்கள். பின்னர் ‘போதலகம்’ என்னும் மலைக்குச் செல்லுமாறு சுதனனுக்குச் சொல்லப்படுகிறது. அங்கே, ஊற்றும் ஓடையும் மென்புல்லும் சூழ்ந்த மலையின் மேற்குச் சாரலில், வயிரப் பாறைமேல் அவலோகிதன் அமர்ந்திருக்கிறான். கொரியப் பட்டில் நாம் காண்பது இந்தச் சந்திப்பைத்தான்.

நூல் கிழக்கே சென்ற வழி தெளிவானது. 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புத்தபத்திரர் அதைச் சீனத்தில் பெயர்த்தார். 695 முதல் 699 வரை சிட்சானந்தர் மீண்டும் பெயர்த்தார். ஒட்டர நாட்டு மன்னர் சீனப் பேரரசருக்கு அனுப்பிய சுவடியைக் கொண்டு, கண்டவியூகத்தை மட்டும் பிரஞ்ஞர் 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெயர்த்தார். கொரியாவில் அவதம்சக மரபை நிறுவிய துறவி உய்சாங் 7ஆம் நூற்றாண்டில் சீனம் சென்று இந்நூலைக் கற்றுத் திரும்பியவர். 13ஆம் நூற்றாண்டில் கொர்யோ அரசு 80,000க்கும் மேற்பட்ட மரப்பலகைகளில் பௌத்தத் திருமுறை முழுவதையும் செதுக்கியது. ஹேயின் கோயிலில் இன்றும் காக்கப்படும் அத்தொகுதியில் இந்த மொழிபெயர்ப்புகளும் அடங்கும். ‘திராவிடம்’ என்ற பெயரைச் சீன எழுத்துகளில் ஒலிபெயர்த்து எழுதிய வரி அவற்றில் இருக்கிறது. கொரிய மண்ணில் நம் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடுவோர் சொற்பட்டியல்களை விட்டு அந்தப் பலகைகளுக்குச் செல்லலாம்.

சரி, போதலகம் எங்கே இருக்கிறது? 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த யுவான் சுவாங், மலகூட நாட்டைப் பற்றி எழுதும்போது அதன் தெற்கே மலய மலையையும், அதற்குக் கிழக்கே போதலக மலையையும் குறிப்பிடுகிறார். ஏறுவதற்குக் கடினமான வழி. உச்சியில் கண்ணாடி போல் தெளிந்த ஏரி. அதிலிருந்து பிறந்து மலையைச் சுற்றிக் கடலுக்குச் செல்லும் ஆறு. மலைக்கு வடகிழக்கே, சிங்களத்துக்குக் கப்பலேறும் கடற்கரை நகரம். காஞ்சிக்குத் தெற்கே அவர் நேரில் சென்றிருக்கவில்லை, கேட்டதையே எழுதினார் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆயினும் குறிப்புகள் சுட்டும் திசை தெளிவு. தாமிரபரணி பிறக்கும் பொதியில் மலையே போதலகம் என்று வாதிட்டவர்களுள் சப்பானிய அறிஞர் ஷூ ஹிகோசகா முக்கியமானவர். தமிழகப் பௌத்தம் குறித்த அவருடைய நூலை 1989இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் வெளியிட்டது.

இங்கே சொல்லாராய்ச்சிக்குச் சற்று இடம் தர வேண்டும். பொதியில் என்பதைப் ‘போதி’யோடு இணைத்து, போதி இருக்கும் இல்லம் என்று பொருள் கொள்வாரும் உண்டு. அதில் ஒரு தடை இருக்கிறது. ‘போதி’ தமிழுக்கு வந்தபோது நெடில் ஓகாரத்தோடு வந்தது. மணிமேகலையிலும் அது நெடிலே. மலையின் பெயரோ குறில் ஒகரத்தோடு சங்க நூல்களிலேயே நிற்கிறது. மேலும், ஊர்ப் பொதுவிடமாகிய அம்பலத்தையும் ‘பொதியில்’ என்றே சங்கத் தமிழ் வழங்குகிறது. ‘பொது’, ‘இல்’ என்ற இரு தமிழ்ச் சொற்களிலிருந்து பெயரை விளக்குவதே எளிது. எதிர்த்திசையில் பார்த்தால் தடை குறைகிறது. வடமொழியில் குறில் ஒகரம் இல்லை. எனவே தமிழ்ப் பெயர் ஒன்று வடமொழிக்குள் போகும்போது ஒகரம் நீள்வது கட்டாயம். பொதியில் ‘போதல’ ஆவதற்கு இடைநின்ற யகர இகரம் எப்படி மறைந்தது என்பதை விளக்க வேண்டும் என்பது உண்மை. ஆகவே சொல்லை மட்டும் வைத்து இதை முடிந்த முடிபு என்று கூற முடியாது. ஒலியும் நிலவியலும் நூற்குறிப்பும் ஒரே திசையில் சாய்கின்றன என்று கூறலாம்.

நான்காவது சான்று தமிழ் இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், பௌத்தராகிய புத்தமித்திரனார் ‘வீரசோழியம்’ இயற்றினார். அதன் பாயிரம், அகத்தியன் அவலோகிதனிடம் கேட்டு உலகுக்கு உரைத்த தமிழ் என்று நம் மொழியைச் சிறப்பிக்கிறது. சைவ மரபில் அகத்தியனுக்குத் தமிழ் தந்தவன் சிவன்; பௌத்த மரபில் அவலோகிதன். ஆசிரியன் மாறுகிறான், அகத்தியன் மாறவில்லை. அகத்தியனின் மலை பொதியில்; அவலோகிதனின் மலை போதலகம். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிய தமிழர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள் என்பதற்கு இப்பாயிரத்தைவிடத் தெளிவான குறிப்பு வேண்டியதில்லை. அவலோகித வழிபாடு தெற்கே தமிழகத்தோடு நிற்கவுமில்லை. மங்களூருவின் கத்ரி கோயிலில் இன்றும் இருக்கும் உலோகேசுவரர் செப்புத்திருமேனியின் கல்வெட்டு 968ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

மலை பெயரளவில் பயணம் செய்தபோது என்ன ஆயிற்று? சீன மொழிபெயர்ப்பின் செய்யுட்பகுதி கடலின்மேல் மலை உண்டு என்கிறது. சீனர்கள் அதைக் கிழக்குக் கடல் தீவொன்றில் கண்டுகொண்டார்கள். அதுவே புத்தோ மலை. சப்பானியர் நாச்சிக் கடற்கரையிலிருந்து படகேறித் தெற்கே அதைத் தேடினார்கள். திபெத்தியர் லாசாவின் அரண்மனைக்கு அப்பெயரைச் சூட்டினார்கள். கொரியரோ கிழக்குக் கரையின் பாறைச் சரிவில் நக்சான் கோயிலை எழுப்பினார்கள். ‘நக்சான்’ என்பது போதலகத்தின் சீன ஒலிபெயர்ப்பிலிருந்து சுருங்கிய பெயர். அதை நிறுவியவர் மேலே சொன்ன உய்சாங் என்கிறது 13ஆம் நூற்றாண்டு நூலான ‘சாம்குக் யுசா’. இணை மூங்கில்கள் முளைக்கும் இடத்தில் கோயில் எழுப்புமாறு அவலோகிதன் அவருக்குச் சொன்னதாகவும் அது கூறுகிறது.

இப்போது ஓவியத்தை மீண்டும் பாருங்கள். பாறையும் நீரும் சிறுவனும் தென்னிந்தியாவைப் பேசும் நூலிலிருந்து வந்தவை. நிலா சீனாவின் சேர்க்கை. நீர்நிலா வடிவம் தாங் காலத்தில் தோன்றியது, 943ஆம் ஆண்டிட்ட தூன்ஹுவாங் ஓவியமொன்றில் அதைக் காணலாம். இணை மூங்கில் கொரியக் கரையின் நினைவு. ஏறத்தாழ இதே காலத்தில் சீனத் துறவி முச்சி இதே காட்சியைப் பட்டில் பெரும்பாலும் மையாலேயே வரைந்தார். அது இன்று கியோத்தோவின் தைதோகு கோயிலில் உள்ளது. முச்சி நிறத்தை ஒடுக்கி மூடுபனியை வரைந்தார். கொர்யோ ஓவியர் நிறத்தைப் பட்டின் முதுகுக்கு அனுப்பிப் பொன்னை முன்னே நிறுத்தினார். மலை ஒன்றுதான். கண்கள் வேறு.

அந்தக் கொரியக் கண்ணுக்கும் நெடுங்காலம் பெயர் மறுக்கப்பட்டது. பின்வந்த சோசன் அரசு கன்பூசிய நெறியைத் தழுவியதால் பௌத்தம் ஒதுக்கப்பட்டது. ஓவியங்கள் கொடையாகவும் கொள்ளையாகவும், 1592இல் தொடங்கிய போரின் வழியாகவும் சப்பானுக்குப் போயின. இன்று எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன. அவற்றுள் பல சீன ஓவியங்கள் என்றே குறிக்கப்பட்டிருந்தன. 1978இல் நாராவின் யாமாத்தோ புன்காகான் அருங்காட்சியகம் கொர்யோ ஓவியங்களை ஒன்றாகத் திரட்டிக் காட்டிய பிறகே, இது தனியொரு மரபு என்பது பரவலாக உணரப்பட்டது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. கொரியர் தங்கள் ஓவியங்களை மீட்டது பெருமிதக் கூற்றுகளால் அன்று; பட்டின் நெசவு, நிறத்தின் அடுக்கு, கல்வெட்டின் சொல் என்று ஒவ்வொன்றாகப் படித்ததால். பொதியிலின் பௌத்த வரலாறும் அப்படிப் படிக்கப்பட வேண்டியது. அதற்குத் தமிழோடு செவ்வியல் சீனமும் வடமொழியும் அறிந்தவர்கள் வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் கொரிய மொழி கற்க ஆர்வத்தோடு வரும் இளைஞர்களுள் சிலர் அடுத்த படியாக அச்சீன எழுத்துகளையும் கற்றால் போதும்.

‘கொரியரும் தமிழரும் ஒரே இனம்’ என்று சொல்ல நம்மிடம் சான்று இல்லை. பொதியிலை ஒருநாளும் பார்த்திராத ஓவியர்கள், தெற்கே ஒரு மலை உண்டு, அங்கே கருணை அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது என்று நம்பி, பட்டின் இருபுறமும் அதை வரைந்தார்கள் என்று சொல்லச் சான்று இருக்கிறது. பின்னதே எனக்குப் பெரிய உறவாகத் தோன்றுகிறது.