மருதமுனைச் சாரமும் ஒரு நைலோன் சிப்பும்

கத்தரிக்கோல், நூற்கண்டு, மாத்திரை, சீப்பு என எதைப் போட்டாலும் சரியாமல் பெட்டி போல நிமிர்ந்து நிற்கும் சிப் வைத்த பையை வீட்டிலேயே தைத்துவிடலாம். மட்டக்களப்பில் தைக்க நினைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வெளிநாட்டுப் பூத்துணியை வாங்காதீர்கள், மருதமுனைக் கைத்தறியில் ஒரு துண்டு தேடுங்கள்.

மருதமுனை, மட்டக்களப்பு வாவி தெற்கே முடியும் பக்கத்தில், கல்முனைக்குச் சற்று வடக்கே கடலோரமாக இருக்கும் முஸ்லிம் ஊர். இலங்கையில் பருத்தி விளைச்சல் சொற்பம் என்பதால் நூல் பெரும்பாலும் கடல் கடந்தே வருகிறது. அதைச் சாயத்தில் தோய்த்து, உலர்த்தி, தார் சுற்றி, பாவோடித் தறியில் ஏற்றிய பிறகுதான் இடுப்பில் உடுத்தும் சாரத்தின் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பிறக்கும். இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1970களின் முற்பகுதியில் இலங்கைக் கைத்தறிக்கு நல்ல காலம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் மலிவான அந்நியத் துணி வந்து குவிந்தது, நாடு முழுவதும் தறிகள் ஓய்ந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலே ஊருக்குள் வந்தது. அதற்குப் பிறகும் மருதமுனையில் நெய்கிறார்கள். இத்தனையையும் தாண்டி வந்த துணியின் வெட்டுத்துண்டு நிலம் துடைக்கப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கல்முனை வீதி வழியே வடக்கே வரும் சாரம், கல்லடியில் வாவியைக் கடந்து மட்டக்களப்பு நகருக்குள் நுழைகிறது.

சிப் வந்த வழி வேறு. சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த கிடியோன் சுண்ட்பேக் இன்றைய வடிவத்துக்கு 1917இல் காப்புரிமை பெற்றார். அன்று பற்கள் உலோகம். தையல் ஊசி அதில் பட்டால் முறியும். பின்னால் வந்த நைலோன் சுருள் சிப்பைக் கத்தரியால் வெட்டலாம், அதன் குறுக்கே மெஷினை ஓட்டலாம். இந்தப் பையின் இரண்டு முனையிலும் சிப்பின் மேலாகவே தையல் போகிறது. ஆகவே நைலோன் சிப் இல்லாவிட்டால் வீட்டு மெஷினில் இந்தப் பை இவ்வளவு சுலபமாக அமைந்திராது.

வெட்டுமுன் துணியை ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். கைத்தறித் துணி வெட்டிய இடத்தில் நூல் பிரியும். நெய்த கரை பிரியாது என்பதால், சிப் வரும் பக்கத்துக்குக் கரையை வைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மற்ற ஓரங்களுக்குப் பட்டித்துணி வைத்துத் தையுங்கள். சாரம் மெல்லியது, தனியே நிற்காது. தடித்த உள்துணி ஒன்று வேண்டும்.

தையலுக்கு விட்டது போக 10 அங்குல நீளம், சிப்பையும் சேர்த்து 12 அங்குலச் சுற்று வருமாறு துணியின் இரு ஓரத்தையும் சிப்பில் இணைத்தால் ஒரு குழாய் கிடைக்கும். அதை உட்புறம் வெளியே இருக்க, சிப் நடுவில் வரும்படி தட்டையாக்கி இரு முனையையும் அடைக்க வேண்டும். அதற்கு முன் சிப்பைப் பாதி திறந்துவிடுங்கள். மறந்தால் பையைப் புரட்ட வழியில்லை, தையலைப் பிரிப்பதுதான் கதி.

இனி மூலைகள். பை பெட்டியாவது இங்கேதான். ஒவ்வொரு மூலையையும் முக்கோணமாக விரித்து, நுனியிலிருந்து 1 அங்குலம் உள்ளே குறுக்குத் தையல் போட்டால் அந்தத் தையலின் நீளம் 2 அங்குலம். அதுவே பையின் உயரம். நான்கு மூலையும் முடிந்தால் 8 அங்குல நீளம், 4 அங்குல அகலம், 2 அங்குல உயரம். ஒன்றரை அங்குலம் உள்ளே தைத்தால் உயரமும் அகலமும் 3 அங்குலமாகி நீளம் 7 ஆகும். மூலைத் தையலை இரண்டு தரம் ஓட்டுங்கள், பாரம் முழுக்க அங்கேதான் விழும்.

இப்படித் தைத்த பை ஊரில் தங்குவதும் குறைவு. லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ போகிற உறவுக்காரரின் பெட்டிக்குள் ஏறிவிடும். வாங்குபவர்கள் கைத்தறி என்று பொதுவாகச் சொல்லி மெச்சுவார்கள். எந்த ஊர்த் தறி என்பது அவர்களுக்குத் தெரியவேண்டும் என்பது என் ஆசை. முனையை அடைக்கும்போது, அந்தத் தையலுக்குள் ‘மருதமுனை’ என்று எழுதிய சின்னப் பட்டித்துண்டு ஒன்றையும் வைத்துத் தைத்துவிடுங்கள்.