புக்கத்து விண்ணகரும் முகுந்தமாலையும்

மியன்மா தேசத்தில் ஐராவதி நதியின் கீழ்க்கரையில் அமைந்த பகான் நகரம் பௌத்தர்களின் மஹாக்ஷேத்ரம். செங்கல்லால் எடுக்கப்பெற்ற கோயில்களும் ஸ்தூபங்களும் அங்கே 2,000-க்கும் மேலாக இன்றும் நிற்கின்றன. 2019-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்ற அவ்வூருக்குச் செல்லும் யாத்ரிகர் பலரும் புத்தாலயங்களைக் கண்டு மீள்வர். ஸ்ரீவைஷ்ணவர்கள் அறிய வேண்டிய கோயில் ஒன்றும், கல்வெட்டு ஒன்றும் அவ்வூருக்கு உரியன.

கோயில், நத்லௌங் கியௌங் எனப்படுவது. பழைய நகரின் மதிலுக்குள்ளே, தாப்பின்யூ என்னும் பேராலயத்துக்கு அருகே உள்ளது. விஷ்ணுவுக்கென எடுக்கப்பெற்ற இதன் வெளிச்சுவர் மாடங்களில் அவதார மூர்த்திகள் அமைக்கப்பெற்றிருந்தன, சிலவே எஞ்சியுள்ளன. பௌத்த ராஜதானியில் எம்பெருமானுக்கு ஆலயம் எவ்வாறு அமைந்தது என்று வியக்க வேண்டியதில்லை. 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசேற்ற சான்சித்தன் பௌத்தனே. ஆயினும், தான் அரண்மனை எடுத்தபோது நாராயண பூஜை நடந்ததை மோன் மொழிக் கல்வெட்டில் பொறித்தான். முற்பிறவியில் தான் விஷ்ணு என்னும் முனிவனாயிருந்ததாகவும் கூறிக்கொண்டான்.

இனிக் கல்வெட்டு. ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் எபிக்ராஃபியா இண்டிகாவின் 7-ஆம் தொகுதியில் இதனைப் பதிப்பித்து, எழுத்தமைதி கொண்டு 13-ஆம் நூற்றாண்டினது என்றார். முதலில் க்ரந்த லிபியில் ஒரு ஸம்ஸ்க்ருத ச்லோகம். பின்னர்த் தமிழ் வசனம். மலைமண்டலத்து மகோதயர் பட்டணத்தைச் சேர்ந்த இராயிரன் சிறியானான குலசேகர நம்பி, புக்கமான அரிவத்தனபுரத்து நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்குத் திருமண்டபம் சமைத்து, திருக்கதவும் இட்டு, அம்மண்டபத்தில் நின்றெரிய நிலைவிளக்கு ஒன்றும் அளித்த செய்தியைத் தன் கூற்றாகவே அவ்வசனம் சொல்கிறது. புக்கம் என்பது பகான். அரிவத்தனபுரம் என்பது அரிமர்த்தனபுரம் என்னும் அதன் மறுபெயரின் திரிபு. ஆழ்வார் என்றது எம்பெருமானையே. கல்வெட்டுகளில் இவ்வழக்கு உண்டு. காஞ்சிப் பரமேச்சுர விண்ணகரம் அரசன் பெயரால் வழங்க, புக்கத்து விண்ணகரோ பல தேசங்களிலும் வாணிகம் செய்த நானாதேசி வணிகர் பெயரால் வழங்கிற்று. இவ்விண்ணகரே நத்லௌங் கியௌங் என்று துணிவதற்குக் கல்வெட்டு வாசகம் ஒன்றே போதாது.

தலைப்பில் நிற்கும் ச்லோகம் முகுந்தமாலையில் உள்ளது. அறத்திலும் பொருட்குவையிலும் காமபோகத்திலும் எனக்கு ஆஸ்தையில்லை; வினைக்கேற்ப வருவது வருக; பிறவிதோறும் உன் திருவடித் தாமரைகளில் அசையாத பக்தியே வேண்டும் என்பது அதன் தாத்பர்யம். முகுந்தமாலை குலசேகராழ்வார் அருளியது என்பது நம் ஸம்ப்ரதாயம். வேறொரு குலசேகரர் இயற்றியது என்பாரும் உளர். ஆழ்வார் அவதரித்த திருவஞ்சிக்களம் மகோதயபுரத்தைச் சார்ந்தது. அவ்வூரான், அவர் திருநாமம் பூண்டவன், அந்த ச்லோகத்தையே கல்லில் வெட்டுவித்தான் என்பது நம் பக்ஷத்துக்கு மிக அநுகூலமானது. ஆயினும் கல்வெட்டு ச்லோகத்தின் கர்த்தாவைப் பெயர் சொல்லவில்லை. ஆகவே இதனை முடிந்த ப்ரமாணமாகக் காட்டி வாதிடுவது யுக்தமன்று. திருவாய்மொழிக்கு வ்யாக்யானங்கள் பெருகிய அந்நூற்றாண்டிலேயே முகுந்தமாலையின் ச்லோகம் கடல் கடந்து, ஒரு வணிகனின் நெஞ்சில் நிலைபெற்றிருந்தது என்பதே இதனால் ஐயமறத் தேறுவது.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழலாம். அறத்தில் ஆஸ்தையில்லை என்ற ச்லோகத்தை முன்னிட்டுக்கொண்டு, மண்டபம் சமைத்தலாகிய அறத்தைச் செய்வது பொருந்துமோ எனில், பொருந்தும். அங்கு விலக்கப்படுவது பலத்தைக் கருதிச் செய்யும் அறம். நம்பி செய்தது கைங்கர்யம். தனக்கோ தன் குலத்துக்கோ இன்ன பலம் வேண்டும் என்ற சொல் அக்கல்லில் இல்லாமையே இதற்குச் சான்று. பொருள் தேடிக் கடல் கடந்தவன், பொருளில் ஆஸ்தையில்லை என்னும் வாக்கைத் தன் பெயருக்கு மேலே நிறுத்தினான். தேடிய பொருளை எம்பெருமானுக்கு உரியதாக்கினான்.

சோழநாட்டுக் கோயில்களில் நந்தாவிளக்கு ஒன்று எரியப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் விடப்பெற்றன; நெய் அளப்போரையும் கல்வெட்டுகள் குறிக்கும். புக்கத்துக் கல்லில் ஆடும் இல்லை, நிலமும் இல்லை. வந்து போகும் நானாதேசி வணிகரே அவ்விளக்கைப் பேணியிருத்தல் வேண்டும் என்று கொள்வது தகும். அவர்கள் வரவு நின்றபின் விளக்கு நின்றிருக்கும். கதவும் விளக்கும் மறைந்தபோதிலும், அவன் தலைமேல் கொண்ட ச்லோகத்தை நாம் இன்றும் அநுஸந்திக்கிறோம். பகான் செல்லும் அடியார்கள் அதனை அவ்வூரில் ஒருமுறை அநுஸந்திப்பது, பெயரறிந்த அந்த அடியவனுக்கு நாம் செய்யத்தக்க மரியாதை.