கல்வராயன் மலையும் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையின் வரலாறும்

கருப்பை வாய்ப் புற்றுநோய் என்பது கருப்பையின் கீழ்முனையாகிய வாய்ப்பகுதியில் தோன்றும் புற்றுநோய் ஆகும். 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் 1,27,000க்கும் மேற்பட்ட பெண்கள் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். எச்.பி.வி. என்னும் வைரசின் தொற்று உடலில் நீடிப்பதே இதற்கு முதன்மைக் காரணம். தொற்று புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்தக் கால இடைவெளியில் செய்யப்படும் ஒரே ஒரு பரிசோதனைகூட உயிரைக் காக்கும். எனவே பரிசோதனை எந்த ஊர்வரை சென்றது என்பதே இந்நோயின் வரலாற்றில் முக்கியமான கேள்வி.

தொடக்கம்

கிரேக்க நாட்டில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய ஜார்ஜ் பாப்பனிக்கோலாவ், கருப்பை வாயிலிருந்து உதிரும் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தே புற்றுநோயை அறியலாம் என்று 1928இல் எடுத்துரைத்தார். ஹெர்பர்ட் டிராட்டுடன் இணைந்து 1943இல் அவர் வெளியிட்ட நூலுக்குப் பின் 'பாப் பரிசோதனை' உலகெங்கும் பரவியது. செல்வ நாடுகளில் இந்நோயால் நேரும் இறப்பு பெருமளவு குறைந்தது.

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1955இல் அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, நோயை முற்றவிடாமல் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டும் என்பதை வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். 1960களில் இந்நிறுவனம் காஞ்சிபுரம் பகுதியில் முன்கூட்டியே நோய் கண்டறியும் பணியை மேற்கொண்டது.

ஆனால் பாப் பரிசோதனைக்கு ஆய்வகமும் பயிற்சி பெற்ற வல்லுநரும் தேவை. முடிவு வரப் பல நாள் ஆகும். முடிவு வந்தபின் அந்தப் பெண்ணை மீண்டும் வரவழைக்க வேண்டும். கூலி வேலைக்குச் செல்லும் கிராமத்துப் பெண் இரண்டாம் முறை வருவது எளிதன்று.

திண்டுக்கல் ஆய்வு

இதற்கு மாற்றாக வந்தது மிக எளிய முறை. 3 முதல் 5 விழுக்காடு செறிவுள்ள அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் உள்ள அதே அமிலத்தை, கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் கழித்துக் கண்ணால் பார்ப்பார்கள். மாறுதல் அடைந்த பகுதி வெளுத்துத் தோன்றும். முடிவு அப்போதே தெரிந்துவிடும்.

இம்முறை உயிரைக் காக்குமா என்பதை அறிய, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, அம்பிலிக்கை கிறித்தவ ஐக்கிய சமூக நல மருத்துவமனை ஆகியவை திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடத்தின. டாக்டர் ஆர். சங்கரநாராயணன் அதற்குத் தலைமை வகித்தார். 2000 முதல் 2003 வரை, பரிசோதனைக்கு உரிய 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்களில் 31,343 பேர், அதாவது 63.6 விழுக்காட்டினர், பரிசோதனை செய்துகொண்டனர். பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். உறையவைத்து அகற்றும் சிகிச்சையையும் அவர்களே அளித்தனர்.

2007இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. பரிசோதனை நடந்த ஊர்களில் இந்நோய் 25 விழுக்காடும், இதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. எனினும் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்தவர்களில் 72 விழுக்காட்டினரே சிகிச்சை பெற்றனர். ஒப்பீட்டுக்காக 30,958 பெண்களுக்குப் பரிசோதனை அளிக்காதது அறமா என்ற கேள்வியும் பின்னாளில் எழுந்தது.

அரசுத் திட்டம்

உலக வங்கி உதவியுடன் இயங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் இப்பரிசோதனையை முன்னோட்டமாக நடத்தியது. 2012 முதல் அது மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. ஆயினும் 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையேனும் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடு மட்டுமே. இந்திய அளவில் 1.9 விழுக்காடு. ஊர் தேடிச் சென்றபோது திண்டுக்கல்லில் பாதிக்கு மேற்பட்டோர் வந்தனர் என்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கல்வராயன் மலை

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலையில் மலையாளி எனப்படும் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். பெயர் அவ்வாறு இருப்பினும் அவர்கள் பேசுவது தமிழே. மலை என்பதே அப்பெயரின் அடி. இம்மலை நெடுங்காலம் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. 1976இல்தான் அரசின் நேரடி நிருவாகத்தின் கீழ் வந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் இங்கே தாமதமாகவே வந்தன.

2019 நவம்பரில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2022 ஜனவரியில் இங்கு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதற்கு முன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வேண்டுமெனில் விழுப்புரம், சேலம் அல்லது புதுச்சேரிக்குச் செல்ல வேண்டியிருந்தது. இப்போது மாவட்டத்திற்குள்ளேயே உயர் மருத்துவமனை உண்டு. ஆனால் வெள்ளிமலைக்கும் அப்பால் உள்ள சிற்றூர்ப் பெண்ணுக்கு மலையிறங்கி வருவது இன்றும் ஒரு நாள் கூலியை இழப்பதாகும். பிழைப்புக்காக மாதக்கணக்கில் வெளியூர் செல்லும் குடும்பங்களும் உண்டு. உடம்பில் வலி ஏதும் இல்லாதபோது பரிசோதனை எதற்கு என்ற எண்ணமும், உள்ளுறுப்பைக் காட்டக் கூச்சமும் சேர்ந்துகொள்கின்றன.

இத்தடைகளுக்கான விடை திண்டுக்கல் ஆய்விலேயே இருக்கிறது. ஊருக்குள் முகாம், பரிசோதிப்பவர் பெண், இயன்றவரை அதே நாளில் சிகிச்சை ஆகியவையே அவை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த எச்.பி.வி. பரிசோதனைக்குப் பெண் தானே மாதிரியை எடுத்துக் கொடுக்கலாம் என்பதால் கூச்சத்திற்கும் வழி பிறந்துள்ளது. ஆனால் அதன் முடிவு ஆய்வகத்திலிருந்து வர வேண்டும்; தொற்று உள்ளவரை மீண்டும் தேடிச் சென்று சிகிச்சைக்கு அழைத்துவர ஆள் வேண்டும்.

30 வயதைக் கடந்த பெண்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, உறவுக்குப்பின் இரத்தக் கசிவு, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை இருந்தால் அடுத்த முகாம்வரை காத்திராமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.