ஆபேரியின் தைவதம்: எட்டயபுரம் அச்சும் கோவில்பட்டி நாகசுரமும்

பீத்தோவனின் வயலின் கான்செர்ட்டோவை ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் 1926-இல் பெர்லினில் இசைத்தட்டுக்காக வாசித்தார். அதையும் இன்றைய பதிவுகளையும் ஒப்பிடுகிறவர்கள் வேகத்தைப் பற்றிப் பேசுவார்கள், வில்லின் அழுத்தத்தைப் பற்றிப் பேசுவார்கள். எந்தச் சுரம் என்ற சர்ச்சை பெரிதாக எழாது. அது அச்சில் இருக்கிறது. கரிசல் சீமையிலும் அச்சு இருந்தது. ஆனால் இங்கே இசைத்தட்டு அச்சை மீறியது. அதற்குச் சான்று ஆபேரி ராகம்.

சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில், தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர் என்று போற்றப்படும் பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தானத்து வித்வான்தான். சுப்பராமர் அவருடைய மகள் வயிற்றுப் பேரன், பின்னர் சுவீகார புத்திரர். மானாவாரி வெள்ளாமையை நம்பிய ஒரு சீமையில் இவ்வளவு பெரிய இசைநூல் அச்சேறியதே வியப்புதான். அந்நூலில் ஆபேரி இருபதாம் மேளத்தைச் சேர்ந்தது. அதாவது தைவதம் சுத்த தைவதம், பஞ்சமத்தை ஒட்டியே நிற்பது. முத்துசாமி தீட்சிதரின் 'வீணாபேரீ' அந்த வழியில் அமைந்தது.

இன்று நாம் கேட்கும் ஆபேரி வேறு. அது கரகரப்பிரியாவின் ஜன்யம். தைவதம் அரைச் சுரம் மேலேறி, சதுச்ருதி ஆகிவிட்டது. தியாகராஜரின் 'நகுமோமு'வை முசிறி சுப்பிரமணிய ஐயர் இந்த வடிவில்தான் இசைத்தட்டின் வழியே பரப்பினார். இந்துஸ்தானி பீம்பளாசியின் சாயல் என்பார்கள் சிலர், கர்நாடக தேவகாந்தாரி என்பார்கள் சிலர். காரணம் எதுவானாலும், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம் ஓடும் தட்டு, புத்தகம் போகாத வீடுகளுக்கெல்லாம் போனது.

இரண்டாவது பெரிய தள்ளு கோவில்பட்டியிலிருந்து வந்தது. எட்டயபுரத்துக்கும் அதற்கும் சுமார் 15 கிலோமீட்டர்தான். தாமிரபரணிக் கரைக் காருகுறிச்சியில் 1921-இல் பிறந்த அருணாசலம், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, கோவில்பட்டியில் குடியமர்ந்தார். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்துக்காக எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில், எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்த 'சிங்கார வேலனே தேவா' சதுச்ருதி தைவத ஆபேரி. பாட்டின் பின்பகுதியில் குரல் ஒரு சுரக்கோவையைப் போடுகிறது, நாகசுரம் அதை வாங்கித் திருப்பித் தருகிறது. பிறகு இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. நிஷாதத்திலிருந்து பஞ்சமத்துக்கு இறங்கும் வழியில் தைவதம் தொட்டும் தொடாமலும் வழுக்கிச் செல்வதைக் கவனிக்க வேண்டும். நாகசுரத்தில் இரண்டு தைவதங்களும் ஒரே துளையில் பிறப்பவை. எது ஒலிக்க வேண்டும் என்பதைச் சீவாளியில் உதடு தரும் பிடியும் மூச்சின் அழுத்தமும்தான் தீர்மானிக்கின்றன. ஆகவே கருவியின் கட்டாயத்தால் இந்தச் சுரம் மாறவில்லை. அன்றைய செவிப் பழக்கம் அதை மாற்றியிருந்தது.

அருணாசலம் 1964-இல் காலமானார். அதன்பின் அந்தப் பாட்டை வாசிக்காத நாகசுரக்காரர் அரிது. தனியாக வாசிக்கும் நாகசுரக்காரர் குரலின் வரியையும் நாகசுரத்தின் மறுமொழியையும் தானே வாசிக்க வேண்டியிருப்பதால், மூலப்பதிவின் உயிரான அந்த எதிரும் புதிருமான விளையாட்டு கரைந்துபோகிறது. மெல்லிசை மேடைகளிலோ நாகசுரத்தின் இடத்தைக் கீபோர்டு பிடித்துக்கொள்வதும் உண்டு. சுரம் சரியாக இருக்கும், வழுக்கல் இருக்காது. இந்த வகையில் 1962-இன் பதிவை மிஞ்சியது ஒன்றும் இல்லை என்பதே என் முடிவு. தைவதம் மட்டும் எல்லாப் பதிவிலும் ஒன்றுதான், சதுச்ருதிதான்.

எதிர்த்திசையில் நின்றவர் எம். பாலமுரளிகிருஷ்ணா. பாருபள்ளி ராமகிருஷ்ணய்ய பந்துலுவின் சீடரான அவர் 'நகுமோமு'வைச் சுத்த தைவதத்தோடு பாடிப் பதிவும் செய்தார். எட்டயபுரத்து நூல் ஆபேரிக்குச் சொல்லும் தைவதம் அதுவே. ஆனால் காது பழகியது வேறு. இன்றைக்கும் மேடையில் அப்படிப் பாடுகிறவர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் முன்வரிசை ரசிகர் சுரம் பிசகிவிட்டது என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் முணுமுணுப்பார்.