ஈமச்சடங்கு முன்பணத் திட்டங்களின் விற்பனை: ஐக்கிய இராச்சியத்தின் அங்கீகார விதிகள்

ஈமச்சடங்கு முன்பணத் திட்டம் என்பது, ஒருவர் தம் இறுதிச் சடங்குக்கான செலவை வாழும்போதே மொத்தமாகவோ தவணையாகவோ கட்டிவிட, அவர் இறந்தபின் அச்சடங்கை நடத்தித் தருவதாக விற்பவர் உறுதியளிக்கும் ஒப்பந்தம் ஆகும். பணம் பெறுவதற்கும் சடங்கு நடப்பதற்கும் இடையே பல ஆண்டுகள் கழியலாம். வாக்குத் தவறினால் கேள்வி கேட்கப் பணம் கட்டியவரும் இருக்கமாட்டார்.

ஐக்கிய இராச்சியத்தில், 2000ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் மற்றும் சந்தைகள் சட்டத்தின்கீழ் 2001இல் பிறந்த ஆணை இவ்விற்பனையை அரசு அங்கீகாரம் வேண்டும் தொழிலாக வகுத்தது. ஆனால் வாங்கியவரின் பணம் ஆயுள் காப்பீட்டிலோ, நிறுவனத்தின் சொத்தோடு கலவாமல் பொறுப்பாளர்கள் காக்கும் அறக்கட்டளை நிதியிலோ இடப்பட்டால் அங்கீகாரம் தேவையில்லை என்றும் அதே ஆணை விலக்களித்ததால், விற்பனையாளர்கள் அவ்வழியையே நாடினர்; விலக்கே விதியாயிற்று எனலாம். ஈமத் திட்ட ஆணையம் என்ற தொழில்துறை அமைப்பு இருந்ததெனினும், அதில் பதிவது அவரவர் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருந்தது.

அவ்விலக்கை நீக்கும் திருத்தம் 2021இல் இயற்றப்பட்டு, 2022 ஜூலை 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல், நிதிச் சேவைகளை ஒழுங்குபடுத்தும் நிதி நடத்தை ஆணையத்தின் அங்கீகாரம் இன்றித் திட்டங்களை விற்பதும், முன்பே விற்றவற்றை நிறைவேற்றி வருவதும் குற்றமாகும்; ஆகவே அங்கீகாரம் பெறாதோர் தம் ஒப்பந்தங்களைப் பிறருக்கு மாற்றவோ தொழிலை முடித்துக்கொள்ளவோ வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 46,000 பேருக்குத் திட்டங்களை விற்றிருந்த சேஃப் ஹேண்ட்ஸ் நிறுவனம், அந்நாளுக்குச் சில மாதங்கள் முன்னர், 2022 மார்ச்சில் நொடிப்பு நிர்வாகத்துக்குள் சென்றது.

அங்கீகாரம் பெறுதல் என்பது பதிவேட்டில் பெயர் ஏறுவதோடு முடிவதில்லை. அறக்கட்டளை நிதி, நடத்தித்தர வேண்டிய சடங்குகள் அனைத்துக்கும் போதுமா என்பதைக் காப்பீட்டுக் கணிப்பாளர் ஒருவர் ஆண்டுதோறும் மதிப்பிட வேண்டும். முன்னறிவிப்பின்றித் தொலைபேசியில் அழைத்து விற்பதும், இடைத்தரகருக்குத் தரகு கொடுப்பதும் தடைசெய்யப்பட்டுள்ளன; திட்டங்களை விற்றுத்தரும் உள்ளூர் ஈமச்சடங்கு நடத்துநர், அங்கீகாரம் பெற்ற நிறுவனமொன்றின் நியமனப் பிரதிநிதியாகி, அந்நிறுவனத்தின் பொறுப்பின்கீழ் இயங்கலாம்.

சடங்கு ஒரு மாதத்துக்குள் நடக்கும் என்று இரு தரப்பும் எதிர்பார்த்துச் செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கு இவ்விதிகள் பொருந்தா. எனவே இறந்தவரின் குடும்பத்தார் செய்யும் வழக்கமான ஏற்பாடுகள் இவற்றுள் அடங்குவதில்லை.