ஹாட் ராடு வண்டிக்கான ரேடியேட்டர் மின்விசிறி

பழைய காரின் உடலில் வலுவான எஞ்சினைப் பொருத்தி ஓட்டும் அமெரிக்க வண்டி வகை ஹாட் ராடு. அதில் பேர்போனது 1932 ஃபோர்டு. 1955இல் வந்த செவ்ரோலே வி8 எஞ்சினை அதில் இறக்கினால் ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இடம் மிஞ்சுவது அரிது. அங்கேதான் ஒல்லியான மின்விசிறி கைகொடுக்கிறது.

ரேடியேட்டரின் பின்னாலிருந்து காற்றை இழுக்கும் விசிறியே சிறந்தது. முன்னாலிருந்து தள்ளும் விசிறி, வண்டி ஓடும்போது தானாக வரும் காற்றை ஓரளவு மறிக்கும். பின்னால் இடமே இல்லையென்றால் மட்டும் அதை நாடலாம். நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று விற்பனையாளர் அச்சிடும் எண் பெரும்பாலும் தடையற்ற வெளியில் அளந்தது. ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளினூடே இழுக்கும்போது அது குறையும். இறக்கையளவு பார்ப்பவர்கள், விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே காற்றை வழிப்படுத்தும் மூடுறையை மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் விசிறியின் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதிதான் நன்றாகக் குளிரும்.

பெரிய விசிறி 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கலாம். சுழலத் தொடங்கும் கணத்தில் இன்னும் அதிகம். எனவே ரிலே, ஃபியூஸ், தடித்த வயர், போதிய ஆல்டர்னேட்டர் கட்டாயம். வெப்பச் சுவிட்ச், தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பநிலைக்குச் சற்று மேலே விசிறியை இயக்கவேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் காற்று தானாகவே வருவதால், அப்போது எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறினால் முதலில் சந்தேகிக்கவேண்டியது ரேடியேட்டரையும் நீரோட்டத்தையும்தான்.